கியர் உரசல்: பழி கைமாறிய கதை

கியர் மாற்றும்போது காரின் அடியிலிருந்து எழும் ‘கர்ர்’ என்ற உரசல் சத்தத்துக்கு ஏறக்குறைய மோட்டார் காரின் வயதே ஆகிறது. சத்தம் கேட்டதும் அங்கேயே ஒரு தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடுகிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்டுநருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்கிறார். ஓட்டுநர் வண்டி சரியில்லை என்கிறார். பட்டறையிலோ ‘சிங்க்ரோ ரிங் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்’ என்று முடிவாகிறது. இந்தத் தீர்ப்புகள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஓட்டுநரைக் குற்றம் சொல்லும் வழக்கம் 1890களில் தொடங்கி அரை நூற்றாண்டு நியாயமாகவே நிலைத்திருந்தது. உதிரிபாகத்தைக் குற்றம் சொல்லும் வழக்கம் 1928க்குப் பிறகு வந்தது. நம் நாட்டில் அது பரவியது 1980களில். இரண்டு காலத்துக்கும் பொதுவான ஒரு பாகம் உண்டு. அதுதான் கிளட்ச். அதன் பக்கம் விசாரணை போவது அரிது. கியர் உரசலைச் சரியாகக் கண்டறிந்து தீர்க்க, ஒரு வேலை மனிதனிடமிருந்து இயந்திரத்துக்கு எப்படிக் கைமாறியது, அந்தக் கைமாற்றம் எங்கே முழுமையடையாமல் நின்றது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வரலாறு இங்கே பழுது பார்ப்பதற்கான கருவியாகவே பயன்படுகிறது.

முதலில் சத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். கியர்பாக்ஸுக்குள் இரண்டு வகை வேகங்கள் ஒருசேர இருக்கின்றன. ஒன்று, எஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாக உள்ளே வரும் இன்புட் ஷாஃப்ட்டின் வேகம். மற்றொன்று, சக்கரங்களோடு பிணைந்து, கார் ஓடும் வேகத்துக்கு ஏற்பச் சுழலும் ஷாஃப்ட்டின் வேகம். ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கார் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இன்புட் ஷாஃப்ட் வேறொரு வேகத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு வண்டியில் மூன்றாம் கியரின் விகிதம் 1.5, இரண்டாம் கியரின் விகிதம் 2.25 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது இரண்டாவதுக்கு இறங்கினால், அதே சாலை வேகத்தில் இன்புட் ஷாஃப்ட் 3,000 சுற்று சுற்ற வேண்டும். அந்த 1,000 சுற்று வித்தியாசத்தை யாராவது, எதுவாவது சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்டாமல் பற்களைச் சேர்த்தால் ஒன்றன் முனை மற்றொன்றன் முனையில் இடித்து உராயும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் பஸ்ஸின் வேகத்துக்கு நாலு எட்டு ஓடிவிட்டுக் கம்பியைப் பிடித்தால் கால் பதியும். நின்ற இடத்திலிருந்தே பிடித்தால் கை பிடுங்கிக்கொள்ளும். கியர் பற்களின் நிலையும் இதுதான். அந்த நாலு எட்டை யார் ஓடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொன்னது.

முதல் விடையைத் தந்தவர் பிரான்ஸின் எமில் லெவாஸர். பன்ஹார்ட் எ லெவாஸர் நிறுவனத்தின் பங்காளியான அவர் 1891இல் உருவாக்கிய கார் அமைப்பில் எஞ்சின் முன்னால், அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே கியர்கள், கடைசியில் உந்தப்படும் பின்சக்கரங்கள் என்ற வரிசை நிலைபெற்றது. அதற்கடுத்த பல பத்தாண்டுகள் உலகின் பெரும்பாலான கார்கள் பின்பற்றிய வரிசை இது. வெவ்வேறு அளவுள்ள பல்சக்கரங்களை ஒரு ஷாஃப்ட்டின் மேல் பக்கவாட்டில் நகர்த்தி, எதிர் ஷாஃப்ட்டில் உள்ள இணைச் சக்கரத்தோடு நேராகக் கோர்த்துவிடுவது அவருடைய முறை. ஆரம்பத்தில் இந்தச் சக்கரங்கள் திறந்த வெளியில், புழுதிக்கும் சேற்றுக்கும் நடுவே சுழன்றன. 1895 வாக்கில்தான் மூடிய பெட்டிக்குள் போயின. இந்த முறை முரட்டுத்தனமானது, ஆனாலும் வேலை செய்கிறது என்று லெவாஸரே சொன்னதாக வழங்குகிறது. அந்த மதிப்பீடு நியாயமானதே. அதே 1895இல் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தின் சுமார் 1,180 கிலோமீட்டரை அவர் 48 மணி 48 நிமிடத்தில் கடந்து முதலில் வந்து சேர்ந்தார். கியர் மாற்றத்தின் முரட்டுத்தனத்தை விட வண்டி போய்ச் சேர்ந்ததே அன்றைய உலகுக்கு முக்கியமாகப் பட்டது. வேகத்தைச் சமன்செய்யும் வேலையை லெவாஸரின் இயந்திரம் செய்யவில்லை. அந்த வேலை அப்படியே ஓட்டுநரின் கையிலும் காலிலும் விடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லெவாஸரின் அமைப்பில் உராய்ந்தவை வண்டியை இழுத்துச் செல்லும் பற்களேதான். ஒவ்வொரு தவறான மாற்றமும் அந்தப் பற்களின் முனையைத் தேய்த்தது, சில சமயம் சில்லாகப் பெயர்த்தது. பெயர்ந்த துகள் எண்ணெயில் கலந்து மற்ற பற்களையும் அரித்தது. போதாக்குறைக்கு அன்றைய கிளட்ச்களில் பல தோல் போர்த்திய கனமான கூம்புகள். மிதித்து விடுவித்த பின்னும் அந்தக் கூம்பு தன் கனத்தாலேயே சுழன்றுகொண்டிருக்கும்; அதை நிறுத்தவே சில வண்டிகளில் கிளட்ச்சுக்கென்று தனி பிரேக் வைத்தார்கள். இந்தச் சூழலில்தான் டபுள் கிளட்ச் என்னும் பழக்கம் உருவானது. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்ச்சை விட்டு, கீழ்க் கியருக்கு என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தி இன்புட் ஷாஃப்ட்டை முடுக்க வேண்டும், மேல் கியருக்கு என்றால் அது தணியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மீண்டும் கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். இதற்கு எஞ்சின் ஒலியைக் கேட்கும் காதும், சாலை வேகத்தை மதிப்பிடும் கண்ணும், இரண்டுக்கும் ஒத்துப்போகும் காலும் வேண்டும். இதை முறையாகக் கற்றவரின் வண்டியில் பெட்டி சத்தமே போடாது. கற்காதவரின் வண்டி ஒவ்வொரு சந்திப்பிலும் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே உரசல் ஓட்டுநரின் குற்றம் என்ற தீர்ப்பு அந்தக் காலத்தில் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. வேகத்தைச் சமன்செய்ய வேறு யாரும் இல்லாதபோது, சமனாகவில்லை என்றால் பொறுப்பு அவருடையதுதான்.

ஆனால் அந்தப் பொறுப்பை மனிதன் மேல் சுமத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் தொடக்கத்திலிருந்தே இல்லை. வேறு வழிகளும் இருந்தன. 1898இல் லூயி ரெனோ தன் சிறு காரில் மேல் கியருக்கு நேரடி இணைப்பைக் கொண்டுவந்தார். இன்புட் ஷாஃப்ட்டும் வெளியேறும் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்வதால் மேல் கியரில் பல்சக்கர இரைச்சல் குறைந்தது. மாற்றும் கணத்தின் உரசல் மட்டும் அப்படியே இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி இன்னும் துணிச்சலான வழியில் போனது. அதன் இரண்டு வேகக் கிரகச் சக்கர அமைப்பில் பற்கள் எப்போதும் கோர்த்தபடியே இருந்தன. பட்டைகளை இறுக்கியும் தளர்த்தியும் வேகம் மாற்றப்பட்டது. உரச அங்கே ஒன்றும் இல்லை. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மாடல் டி கார்கள் விற்றன. கார் ஓட்டக் கற்ற லட்சக்கணக்கான எளிய மக்கள் கியர் உரசலை அறியாமலே ஓட்டினார்கள். பிரிட்டனில் வால்டர் வில்சன் வடிவமைத்த முன்தேர்வு கியர்பாக்ஸும் கிரகச் சக்கரங்களையே நம்பியது. 1920களின் இறுதியில் ஆம்ஸ்ட்ராங் சிட்லியும், 1930இல் டைம்லரும் அதை ஏற்றன. பின்னாளில் லண்டனின் ஆர்டி வகை பஸ்களிலும் அது இடம்பெற்றது. இவ்வளவு இருந்தும் பொதுவழியாக வென்றது லெவாஸரின் முரட்டு முறைதான். மூன்று, நான்கு வேகங்களை மலிவாகத் தர அதனால் முடிந்தது. சக்தி இழப்பும் குறைவு. ஃபோர்டே 1927இன் இறுதியில் மாடல் ஏ காரோடு நகரும் பல்சக்கரங்களுக்கு வந்துவிட்டது. கியர் மாற்றத்தின் சிரமம் இயற்கை விதித்ததல்ல. மலிவுக்கும் வேக எண்ணிக்கைக்கும் கொடுத்த விலை அது. அந்த விலையைத் தயாரிப்பாளர் செலுத்தவில்லை, ஓட்டுநர் செலுத்தினார்.

இந்தக் கணக்கை மாற்றியவர் அமெரிக்காவின் ஏர்ல் தாம்ப்சன். அவர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பை 1929 மாடல் கார்களில் சேர்த்து 1928இலேயே காடிலாக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1912இல் மின் ஸ்டார்ட்டரைக் கொடுத்து, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் வேலையிலிருந்து ஓட்டுநரை விடுவித்த நிறுவனமும் இதுவே. சிங்க்ரோமெஷ்ஷின் அடிப்படை எளிது. இழுத்துச் செல்லும் பற்களை நகர்த்தவே வேண்டாம். அவை எப்போதும் கோர்த்தபடி சுழலட்டும். எந்தக் கியர் ஷாஃப்ட்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு ஸ்லீவ் தீர்மானிக்கட்டும். அந்த ஸ்லீவ் பூட்டிக்கொள்ளும் முன், ஒரு கூம்பு இன்னொரு கூம்பின் மேல் அழுந்தி, உராய்வால் இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கட்டும். ஓட்டுநர் காதாலும் காலாலும் செய்த வேலையை இப்போது ஒரு சிறு கூம்பு செய்தது. ஆரம்பகால அமைப்புகளில் லீவரை அவசரமாகத் தள்ளினால் கூம்பை மீறி உரசவைக்க முடிந்தது. பின்னர் வந்த தடுப்பு வளையம், வேகம் சமனாகும்வரை ஸ்லீவை உள்ளே விடாமல் தடுத்தது. இன்று பட்டறையில் சிங்க்ரோ ரிங் என்று சொல்லப்படும், பெரும்பாலும் பித்தளையாலான, உள்முகத்தில் நுண்ணிய வரிகள் வெட்டிய வளையம் இதுதான். இழுக்கும் பற்கள் எப்போதும் கோர்த்தே இருப்பதால் அவற்றைச் சாய்வாக வெட்டவும் முடிந்தது. இரைச்சல் பெருமளவு அடங்கியது. இதே தாம்ப்சன் பின்னர் ஹைட்ரமாட்டிக் தானியங்கி கியர்பாக்ஸை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார்; 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வெளிவந்தது. கியர் மாற்றும் பொறுப்பை மனிதனிடமிருந்து முதலில் பாதியாகவும் பிறகு முழுதாகவும் எடுத்ததில் ஒரே மனிதரின் பங்கு இவ்வளவு இருந்தது.

இந்தக் கைமாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. காடிலாக்கின் முதல் அமைப்பே இரண்டாம், மூன்றாம் கியர்களுக்குத்தான் இருந்தது. முதல் கியரை நின்ற நிலையில்தான் போடுவார்கள், அதற்கு ஏன் செலவு என்ற கணக்கு பல நாடுகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. பிரிட்டனின் ஆல்விஸ் 1930களின் முற்பாதியிலேயே நான்கு முன் கியர்களுக்கும் சிங்க்ரோ கொடுத்தது. 1952இல் போர்ஷே தன் 356 காருக்குத் தன் சொந்த வகை வளையத்தை நான்கிலும் பொருத்தியது. ஆனால் அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உயர்தர மாடலுக்கு மேல் மூன்று கியர்களில் மட்டுமே சிங்க்ரோ கிடைத்தது. அடிப்படை மாடல் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அதுவும் இல்லாமலே விற்றது. வசதியுள்ளவரின் பெட்டி முதலில் மௌனமாயிற்று; மற்றவரின் பெட்டி தன் முறைக்குக் காத்திருந்தது. இந்தியா நீண்ட காலம் காத்திருந்த வரிசையில் இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த ஹிந்துஸ்தான் அம்பாசடர், ஃபியட் 1100இலிருந்து வந்த பிரீமியர் பத்மினி, சென்னையை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றிலும் மேல் மூன்று கியர்களுக்குத்தான் சிங்க்ரோ. முதல் கியர் லெவாஸர் காலத்து நியதிப்படியே இயங்கியது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800தான் எல்லா முன் கியர்களிலும் சிங்க்ரோ உள்ள காரை நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1930களில் தொடங்கிய மாற்றம் நம் தெருக்களில் முழுமை பெற அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த அரை நூற்றாண்டில் நம் ஓட்டுநர்கள் கற்றுவைத்திருந்த திறனை யாரும் குறைத்து எடைபோடக் கூடாது. லாரிகளிலும் பஸ்களிலும் நெடுங்காலம் சிங்க்ரோ இல்லாத பெட்டிகளே பெருவாரியாக இருந்தன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டி வளைவில் வேகமிழந்து முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். அங்கே உரசல் வந்து கியர் விழாமல் போனால் வண்டி நியூட்ரலில் நிற்கும், எஞ்சினின் பிடி இல்லாமல் பின்னோக்கி உருளத் தொடங்கும். இறக்கத்தில் கியர் தவறினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ஆகவே டபுள் கிளட்ச் என்பது பயணிகளின் உயிரைக் காத்த தொழில் அறிவு. எழுதிவைத்த பாடமாக இல்லாமல் கிளீனராக ஏறிய பையன் ஓட்டுநரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட அறிவு அது. இதே ஓட்டுநர்தான் பின்னாளில் நைந்த கிளட்ச் கேபிளுக்கும் தேய்ந்த இணைப்புக் கம்பிகளுக்கும் சேர்த்துப் பழி சுமந்தார். ஸ்டியரிங் தண்டிலேயே லீவர் பொருத்திய அம்பாசடரிலும் பத்மினியிலும் லீவருக்கும் பெட்டிக்கும் இடையே பல இணைப்புகள். அவற்றின் புஷ்கள் தேய்ந்தால் எவ்வளவு திறமையான கையும் கியரை முழுமையாகக் கோர்க்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்டியவரால் அதை முதலாளியிடம் நிரூபிக்க முடியவில்லை. பழி எப்போதும் விளக்கம் சொல்ல வாய்ப்பில்லாதவர் மேல்தான் எளிதாக விழும்.

மாருதிக்குப் பின் நிலைமை தலைகீழானது. எல்லாக் கியரிலும் சிங்க்ரோ வந்ததும், உரசல் என்றாலே சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது என்ற முடிவு வழக்கமாயிற்று. இதுவும் பழைய தீர்ப்பைப் போலவே அவசரத் தீர்ப்பு. காரணம், சிங்க்ரோ வளையம் ஏற்றுக்கொண்ட வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கிளட்ச் முழுமையாக விடுபட்டிருந்தால், வளையம் சமன்செய்ய வேண்டியது இன்புட் ஷாஃப்ட், அதோடு சுழலும் சக்கரங்கள், கிளட்ச் பிளேட் இவற்றின் சுழற்சியை மட்டுமே. கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தச் சிறு பித்தளை வளையம் முழு எஞ்சினோடும் ஃப்ளைவீலோடும் மல்லுக்கட்ட வேண்டும். அது தோற்கும், தோற்பதோடு வேகமாகத் தேயும். கிளட்ச் இப்படி இழுப்பதற்குக் காரணங்கள் பல: கேபிள் நீண்டு பெடலின் ஃப்ரீ பிளே கூடியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்து பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், கிளட்ச் பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது அது நகரும் வரிப்பற்கள் துருவேறி இறுகியிருக்கலாம், பைலட் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் முதல் இரண்டையும் கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்யலாம். கிளட்ச்சைப் பார்க்காமல் வளையத்தை மட்டும் மாற்றினால், புது வளையமும் பழையதன் வழியிலேயே போகும். வண்டிக்காரர் இரண்டு முறை பணம் கட்டுவார்.

கிளட்ச்சைச் சோதிக்கும் வழியும் வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. பல கார்களில் இன்றும் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. லெவாஸர் செய்ததைப் போலவே ஒரு நேர்பற் சக்கரம் நகர்ந்து போய்க் கோர்க்கிறது. அப்படிப்பட்ட வண்டியை நிறுத்தி, எஞ்சின் நிதான ஓட்டத்தில் இருக்கும்போது கிளட்ச்சை முழுதாக மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். கிளட்ச் சரியாக விடுபட்டால் அதற்குள் இன்புட் ஷாஃப்ட் நின்றுவிடும். கியர் அமைதியாக விழும். அப்போதும் உரசினால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது, கிளட்ச் இழுக்கிறது என்பது உறுதி. பொறுக்காமல் போட்டால் மட்டும் உரசி, பொறுத்தால் உரசாது என்றால் அது பழுதே அல்ல. அந்தப் பெட்டியின் இயல்பு. முதலில் ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டுப் பிறகு ரிவர்ஸுக்குப் போனால், முன் கியரின் சிங்க்ரோ ஷாஃப்ட்டை நிறுத்திக் கொடுத்துவிடும். எல்லாக் கியரிலும் உரசல் இருந்தால் சந்தேகம் முதலில் கிளட்ச்சின் மேலும் எண்ணெயின் மேலும்தான் விழ வேண்டும். எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. 1920களின் பிற்பகுதியில் பாக்கார்டு கொண்டுவந்த ஹைபாய்ட் டிஃபரன்ஷியல்களின் வழுக்கிப் பிசையும் பற்களுக்குக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்த கடும் எண்ணெய் தேவைப்பட்டது. அந்த வழியில் வந்த ஜிஎல்-5 தர எண்ணெயை, ஜிஎல்-4 தரம் கேட்கும் பெட்டியில் ஊற்றினால் பித்தளை அரிக்கப்படலாம். கூம்புகளுக்கு வேண்டிய உராய்வும் குறையலாம். வண்டியின் கையேடு சொல்லும் எண்ணெயை ஊற்றுவது இருப்பவற்றில் மலிவான வைத்தியம்.

கிளட்ச்சும் எண்ணெயும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகே வளையத்தின் முறை. அதைச் சோதிக்கச் சிறந்த கருவி, வழக்கொழிந்ததாக நினைக்கப்படும் டபுள் கிளட்ச்தான். ஒரே ஒரு கியரில், பெரும்பாலும் அடிக்கடி மாறுவதும் வேக வித்தியாசம் அதிகமுள்ளதுமான இரண்டாவதில், உரசல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கியரை டபுள் கிளட்ச் செய்து, வேகத்தை ஓட்டுநரே சமன்படுத்திப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால், பூட்டும் பற்கள் ஓரளவு நன்றாகவே உள்ளன, வேகத்தைச் சமன்செய்யும் வளையம்தான் தன் வேலையைச் செய்யவில்லை என்று புரியும். அப்போதும் உரசினாலோ, கியர் விழுந்தபின் துள்ளி வெளியே வந்தாலோ, ஸ்லீவின் பற்கள் உருண்டு தேய்ந்திருக்கலாம், செலக்டர் ஃபோர்க் வளைந்திருக்கலாம், வெளியிலுள்ள இணைப்புகளின் அளவு தவறியிருக்கலாம். இப்படித் தாம்ப்சனுக்கு முந்தைய ஓட்டுநரின் திறமை, தாம்ப்சனின் கண்டுபிடிப்பைச் சோதிக்கும் அளவுகோலாகிறது. சிங்க்ரோவின் வேலையை மனிதன் தற்காலிகமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போதுதான், சிங்க்ரோ அதைச் செய்கிறதா இல்லையா என்பது தெளிவாகிறது. அந்தப் பழைய பழக்கத்தை இழந்த பட்டறை தன்னிடமிருந்த ஓர் அளவுகருவியை இழந்துவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் பார்க்க வேண்டும். ஓட்டுநரின் தவறு என்று ஒன்று இல்லவே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. எப்போதும் கிளட்ச் பெடல் மேல் காலை வைத்து ஓட்டுவது, ஹாஃப் கிளட்ச்சில் மேட்டில் நிற்பது, லீவரின் மேல் கையை அழுத்திவைத்து ஓட்டுவது ஆகியவை பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் செலக்டர் ஃபோர்க்கையும் தேய்க்கும். ஆனால் இவை மாதக்கணக்கில் மெல்ல விளைபவை. இன்று கேட்ட ஓர் உரசலை வைத்து இன்று ஓட்டியவரைக் குற்றவாளியாக்க அவை ஆதாரம் ஆகா. சோதனை செய்யாமல் திட்டுவது பழுதையும் தீர்க்காது, பழக்கத்தையும் மாற்றாது. இரண்டாவது நியாயம் பட்டறையின் பக்கத்திலிருந்து வருவது. கியர்பாக்ஸை இறக்குவதற்குத்தான் கூலி அதிகம், இறக்கிய பின் கிளட்ச்சையும் வளையங்களையும் ஒன்றாக மாற்றிவிடுவதே சிக்கனம் என்பார்கள். பெட்டியை இறக்கியே தீர வேண்டும் என்று உறுதியான பிறகு இந்த வாதம் சரியே. இறக்கிய பெட்டியில் தேய்ந்த கிளட்ச் பிளேட்டை அப்படியே விட்டு மூடுவது அறிவீனம். ஆனால் இறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் பதில் இல்லை. கேபிளை முறுக்கியோ பைப்பிலுள்ள காற்றை வெளியேற்றியோ எண்ணெயை மாற்றியோ முடிந்திருக்க வேண்டிய வேலைக்கும் இறக்கும் கூலியை வாங்க அது இடம் கொடுத்துவிடுகிறது. அனுபவமுள்ள மெக்கானிக்கின் காது போதாதா என்பது மூன்றாவது கேள்வி. காது சத்தம் எங்கே எழுகிறது என்று சொல்லும். கிளட்ச் இழுப்பதால் வரும் உரசலும் வளையம் தேய்ந்ததால் வரும் உரசலும் அதே பூட்டுப் பற்களில்தான் எழுகின்றன. இடம் ஒன்று, காரணம் வேறு. அதைப் பிரித்தறியக் காதோடு வரிசையான சோதனையும் வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம், இந்த அறிவுக்கு இனி என்ன தேவை என்பதுதான். மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேக விகிதம்தான். அங்கே மாற்றுவதற்குக் கியரே இல்லை, உரசுவதற்கு வழியும் இல்லை. அந்த வண்டிகளைப் பொறுத்தவரை இந்த எதிர்வாதத்தை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2014இல் மாருதி செலரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய, மேனுவல் கியர்பாக்ஸே தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டிகளின் கதை வேறு. அங்கே கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் கிளட்ச் இருக்கிறது. கை தொடும் கியர் மாற்றம் இல்லை, ஆனால் அதே சிங்க்ரோ வளையங்களும் ஸ்லீவ்களும் இருக்கின்றன. மனிதனின் காலுக்குப் பதில் ஓர் இயக்கியும், அதை ஆளும் கணினியும் கிளட்ச்சை விடுவிக்கின்றன. கிளட்ச் எந்தப் புள்ளியில் பிடிக்கிறது என்பதை அந்தக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளி தவறினால் வளையம் அதே பழைய தண்டனையை அனுபவிக்கும். பழி சுமத்த ஓட்டுநரே இல்லாத பெட்டியிலும் கிளட்ச் முதல் சந்தேகத்துக்குரியதாகவே நிற்கிறது. நம் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களோ சிங்க்ரோ இல்லாமல், எப்போதும் கோர்த்த சக்கரங்களோடும் பூட்டுப் பற்களோடும்தான் இன்றும் ஓடுகின்றன. நின்ற நிலையில் முதல் கியருக்கு மிதிக்கும்போது வரும் ‘டக்’ என்ற இடி, எண்ணெயில் ஊறிய கிளட்ச் சற்றே இழுப்பதால் வருவது. இவற்றோடு, ஏற்கெனவே விற்ற கோடிக்கணக்கான மேனுவல் கார்களும் சரக்கு வண்டிகளும் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும். அவை வயதாக வயதாக இந்த அறிவின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

1891இல் லெவாஸர் ஓட்டுநரிடம் விட்ட வேலையை 1928இல் தாம்ப்சன் வளையத்திடம் ஒப்படைத்தார். அந்த ஒப்பந்தத்தில் கிளட்ச் தன் பங்கைச் செய்யும் என்பது சொல்லாமல் சொன்ன நிபந்தனை. பழுது பார்ப்பவர் விசாரிக்க வேண்டிய வரிசையை இந்த வரலாறே வகுத்துக் கொடுக்கிறது. முதலில் நிபந்தனை நிறைவேறுகிறதா, அதாவது கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வளையம் வேலை செய்வதற்கான சூழலை, அதாவது எண்ணெயையும் வெளி இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பிறகு டபுள் கிளட்ச் செய்து வளையத்தையே சோதிக்க வேண்டும். அதற்குப் பின்னரே பெட்டியை இறக்கும் பேச்சு. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக் படிப்பு படிக்கும் மாணவருக்கு டபுள் கிளட்ச்சைச் சோதனை முறையாகவே கற்றுத்தர வேண்டும். வண்டிக்காரரும் பட்டறையில் வண்டியை விடும்போது, கிளட்ச்சைச் சோதித்தாயிற்றா என்ற ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஓட்டுநர் மேலும் பழி இல்லை, சிங்க்ரோ ரிங் மேலும் பழி இல்லை என்று வைத்துக்கொள்வதே நியாயம். பணத்துக்கும் வண்டிக்கும் நல்லது அதுதான்.